சுவரை வைத்தே சித்திரம்: தமிழகச் சுவரோவியங்களின் தளப்பூச்சும் ஈரச்சுவர் – உலர்சுவர் விவாதமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகச் சுவரோவியங்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கோடு, வண்ணம், கதைப்பொருள் ஆகியவற்றிலிருந்தே தொடங்குகின்றன. ஓவியம் தீட்டப்படுமுன் சுவர் எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டது என்பது ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. இக்கட்டுரை அந்தத் தளப்பூச்சை மையப்பொருளாகக் கொள்கிறது. வடமொழி நூல்கள் கூறும் உலர்ந்த சுவர், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களில் எஸ். பரமசிவன் கண்ட ஈரச்சுவர், தமிழகக் கொத்தர்கள் கையாண்ட கரிமப்பொருள் சேர்ந்த சுண்ணச்சாந்து ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குகிறது. ஈரச்சுவரா, உலர்சுவரா என்னும் வினாவை வண்ணப்படலத்தை மட்டும் கொண்டு தீர்க்க இயலாது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: சுதை, தளப்பூச்சு, வச்சிரலேபம், சுண்ணச்சாந்து, தஞ்சைப் பெரிய கோயில், சித்தன்னவாசல்

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்னும் பழமொழி இன்று உடல்நலம் பேணச் சொல்லும் அறிவுரையாகவே வழங்குகிறது. உடல் சுவர், வாழ்க்கை சித்திரம் என்னும் உவமையில் பழமொழியின் நேர்ப்பொருள் மறைந்துவிட்டது. அந்த நேர்ப்பொருள் ஒரு தொழில் உண்மை. சுவர் இருந்தால் மட்டும் போதாது, சித்திரத்தை ஏற்கும் நிலைக்கு அச்சுவர் கொண்டுவரப்பட்டிருக்கவும் வேண்டும்.

புதிய சுவருக்கு வண்ணம் அடிக்கும் இன்றைய தொழிலாளி நேரே வண்ண வாளியைத் தொடுவதில்லை. பட்டி பார்த்து, காய்ந்தபின் உப்புத்தாள் தேய்த்து, தூசு துடைத்து, பிரைமர் அடித்த பிறகே வண்ணத்திற்கு வருகிறார். அலுவலகத் தடுப்புகளாக இப்போது பரவியுள்ள ஜிப்சம் பலகையில் இத்தேவை இன்னும் வெளிப்படை. பலகையின் மேல்தாள் ஓர் அளவு நீரை உறிஞ்சும். பலகைகளின் இணைப்பில் பூசிய கலவை வேறோர் அளவு உறிஞ்சும். இடையில் ஒரு தடுப்புப் படலம் இல்லையேல் ஒரே வண்ணம் திட்டுத்திட்டாகத் தோன்றும். புதுச் சிமெண்ட் பூச்சிலோ சிக்கல் காரத்தன்மை. ஈரம் முழுதும் வெளியேறாத பூச்சின் மேல் அடித்த வண்ணம் வெளிறும், அல்லது உப்புப் பூத்து உரியும்.

புதிய பரப்பு எவ்வளவு நீரைக் குடிக்கும், தன்மேல் இட்ட நிறத்தை என்ன செய்யும், பூச்சைப் பற்றிக்கொள்ளுமா உதறிவிடுமா என்னும் வினாக்கள் பதினொன்றாம் நூற்றாண்டுத் தஞ்சையிலும் இவையேதாம். அன்று கடைகளில் பிரைமர் கிடைக்கவில்லை. விடை வேறு வழிகளில் தேடப்பட்டது. அவ்வழிகளை அறியாமல் ஓவியத்தின் தொழில்நுட்பம் பற்றி நாம் கூறும் முடிவுகள் எத்துணை உறுதியானவை என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்வி.

இலக்கியத்தில் சுதை

மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக்கலைகள்' (1956) தொடங்கி இன்றுவரை ஓவியம் பற்றிய இலக்கியச் சான்றுகள் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. பரிபாடல் கூறும் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபம் பெரிதும் அறியப்பட்டது. அங்கு எழுதப்பட்டிருந்தவை எவை எனப் பார்ப்போர் வினவுவதும் பிறர் விளக்குவதும் அப்பாடலில் உண்டு. ஆனால் அவை எதன்மேல் எழுதப்பட்டன என்பது அங்கே பேசப்படவில்லை. நம் நோக்கத்திற்குப் பயன்படுபவை வேறு இரண்டு இடங்கள்.

நெடுநல்வாடை அரசியின் உறையுளை வருணிக்கையில் வெள்ளி போல் விளங்கும் சுதை பூசப்பட்டிருந்ததைக் கூறி, கருமணி போன்ற திரண்ட தூண்களைக் காட்டி, செம்பினால் செய்தாற்போன்ற நெடுஞ்சுவருக்கு வந்து, அதில் பல பூக்களையுடைய ஒரு கொடி வளைய எழுதப்பட்டிருந்ததைச் சொல்கிறது. சுதை, சுவர், கொடி என்னும் இவ்வரிசை தற்செயலானதாகத் தோன்றவில்லை. சுவருக்கு அடையாக வரும் 'செய்வுறு' என்னும் சொல்லும் கருதத்தக்கது. அது வெறுமனே எழுப்பப்பட்ட சுவரன்று, மேலும் தொழில் செய்யப்பட்ட சுவர். செம்பு என்னும் உவமை நிறத்தைக் குறித்ததா திண்மையைக் குறித்ததா என்பதில் இருவகைக் கருத்துக்கும் இடமுண்டு. திண்மை எனக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நிறமெனின், சற்று முன் கூறிய வெள்ளி நிறச் சுதையோடு அதை இணைத்துப் பொருள்கொள்வது கடினமாகிறது.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. புகார் நகரின் செங்கல் மாளிகைகளில், வெண்சுதை விளங்கும் பரப்பின்மேல் கைவல்லோர் தேவர் முதலாக எல்லா உயிர்களின் உருவையும் தீட்டியிருந்தனர். அவற்றைக் கண்டு நின்றோரும் இருந்தனர். செங்கல், வெண்சுதை, ஓவியம் என மூன்று அடுக்குகளும் ஒரே காட்சியில் இடம்பெறுகின்றன. ஓவியனுக்கு வெண்மை ஒரு நிறமாக மட்டுமன்றித் தளமாகவும் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான இலக்கியச் சான்று தேவையில்லை. எனினும் அச்சுதை ஈரமாக இருக்கையில் எழுதினரா, காய்ந்தபின் எழுதினரா என்பதற்கு இவ்விடங்கள் விடை தருவதில்லை. அவற்றிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று.

இங்கே மண்டகப்பட்டுக் கல்வெட்டையும் நினைவுகூரலாம். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் அதில் பெருமிதம் கொள்கிறான். நான்கினுள் ஒன்றாகச் சுதை எண்ணப்படுவதால், கோயிற் கட்டுமானத்தில் அது தவிர்க்க முடியாத பொருளாகக் கருதப்பட்டமை விளங்கும். அதே மன்னன் 'சித்திரகாரப்புலி' என்னும் விருதுப்பெயரும் பூண்டவன். சுதையின்றிக் கோயில் எடுக்கலாம். ஆனால் சொரசொரப்பான பாறையில் மெல்லிய கோட்டை இழுக்கச் சுதை வேண்டியதாயிற்று. குடைவரை ஓவியங்கள் எல்லாம் இந்த முரணின் மீதே நிற்கின்றன.

நூல்கள் கூறும் சுவர்

சுவரை ஆயத்தம் செய்யும் முறை வடமொழி நூல்கள் சிலவற்றில் விரிவாகக் கிடைக்கிறது. விஷ்ணுதர்மோத்தரத்தின் மூன்றாம் காண்டத்திலுள்ள சித்திரசூத்திரப் பகுதியை ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1920களில் ஆங்கிலத்தில் பெயர்த்தபின் அது இந்திய ஓவிய ஆய்வின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று. மூவகைச் செங்கற்பொடியுடன் மூன்றில் ஒரு பங்கு மண் சேர்த்து, குங்கிலிய வகைப் பிசின், தேன்மெழுகு, வெல்லம், எண்ணெய் முதலியவற்றைக் கலந்து, சுண்ணாம்பும் வில்வப்பழச் சதையும் கூட்டி, ஒரு மாத காலம் ஊறவைத்து, பிறகு சுவரில் மேடுபள்ளமின்றிப் பூச வேண்டும் என்கிறது அந்நூல். பூச்சு காய்ந்தபின் மேலும் வழவழப்பாக்கி, அதன் பின்னரே நன்னாளில் எழுதத் தொடங்க வேண்டும். இவ்வாறு அமைந்த சுவர் நூறாண்டு ஆனாலும் அழியாது என அது உறுதியும் கூறுகிறது.

மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் தரும் முறை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சுண்ணம் பூசி மழமழப்பாக்கிய சுவரின் மேல் அந்நூல் நேரே வண்ணத்தை அனுமதிப்பதில்லை. எருமைத்தோலை வெண்ணெய்போல் குழையும்வரை நீரில் காய்ச்சி, சிறு குச்சிகளாக உருட்டி, வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு வச்சிரலேபம் என்று பெயர். வேண்டும்போது இதை வெந்நீரில் கரைத்து, வெண்மண்ணுடன் கலந்து, மும்முறை பூசி உலரவிட வேண்டும். அதன்மேல் சங்குப்பொடி போன்ற வெண்பொருள்கள் சேர்ந்த மற்றொரு பூச்சும் வரும். சுண்ணச் சுவரின் உறிஞ்சும் தன்மையை அடக்கி, வண்ணத்திற்கு ஒருசீரான பரப்பைத் தருவதே இவ்வடுக்கின் வேலை. இன்றைய தொழில்மொழியில் இதைப் பிரைமர் என்றே சொல்லிவிடலாம், பணி அதுவே. ஒரு சிறு எச்சரிக்கை: வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதையிலும் வச்சிரலேபம் என்னும் பெயர் வருகிறது. அங்கே அது பெரும்பாலும் தாவரச் சாறுகளும் பிசின்களும் சேர்ந்த ஒட்டுப்பொருள், பயனும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றெனக் கொள்வது நம் ஆய்வுகளில் அடிக்கடி நிகழும் பிழை.

கேரளத்தில் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் எழுதிய சில்பரத்தினம் மண்ணையும் தோற்பசையையும் முன்னிறுத்தாமல் சிப்பிச் சுண்ணாம்புக்கு முதலிடம் தருகிறது. பாசிப்பயற்றுக் கஷாயம், வெல்லநீர், மணல், பழுத்த வாழைப்பழம் ஆகியவை அதனுடன் சேர்க்கப்படுகின்றன. கேரளச் சுவரோவிய மரபில் சுண்ணாம்பை இளநீருடன் கலந்து இருபத்தைந்து, முப்பது முறை மெல்லியதாகப் பூசும் வழக்கமும் உண்டு. தமிழகக் கொத்தர்களின் சாந்துக்கு மிக அருகில் வரும் நூல் இதுவே.

இவற்றுள் விஷ்ணுதர்மோத்தரமும் மானசோல்லாசமும் காய்ந்த சுவரையே முன்வைத்துப் பேசுகின்றன என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும். இரண்டும் தமிழகத்திற்கு வெளியே தோன்றியவை. தமிழகச் சுவரோவியங்களை விளக்கும்போது இவற்றின் சுலோகங்களை முன்னே வைத்து, அதன்பின் சுவரைப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சுவர் அந்நூல்களோடு உடன்படுகிறதா என்பது தனியே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பாறையும் கருங்கல்லும்

அஜந்தாவில் ஓவியத்தின் தளம் மண். தாவர நார்களும் உமியும் கலந்த மண்பூச்சைக் கரடுமுரடான எரிமலைப் பாறையில் அப்பி, அதன்மேல் மெல்லிய வெண்பூச்சிட்டு, பசை கலந்த வண்ணங்களால் எழுதினர். விஷ்ணுதர்மோத்தரத்தின் செங்கற்பொடி, மண் கலவைக்கு இது தொலைவில் இல்லை. தமிழகத்திற்கு வந்தால் நிலைமை மாறுகிறது. காஞ்சி கைலாசநாதர் கோயில், சித்தன்னவாசல், தஞ்சை ஆகிய மூன்றிலும் தளத்தின் உயிர்ப்பொருள் சுண்ணாம்பு.

சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் முன்னுள்ள கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபத்தை எடுத்த செய்தியைத் தருகிறது. புதுக்குதல் என்னும் வினையை நாம் கட்டடப் பணியாகவே பொதுவாகப் படிக்கிறோம். ஆனால் பாறையைக் குடைந்து அமைத்த அகமண்டபத்தில் புதுக்குவதற்குக் கட்டுமானம் ஏது? பூச்சும் ஓவியமுமே அங்கே புதுக்கத்தக்கவை என்று கருத இடமிருக்கிறது. இது என் ஊகமே. ஆயினும் அச்சொல்லை இவ்வாறு படிப்பது கல்வெட்டுக்கு முரணாகாது.

தஞ்சைக்கு வருவோம். முதலாம் இராசராசன் 1010இல் நிறைவுசெய்த பெரிய கோயிலில், கருவறையைச் சூழ்ந்த குறுகிய, இருண்ட உட்சுற்றில், கருங்கற் சுவரின்மேல் சுந்தரர் வரலாறும் திரிபுராந்தகரும் பிறவும் தீட்டப்பட்டுள்ளன. மேலிருந்த நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியலராக இருந்த எஸ். பரமசிவன் 1930களில் அவற்றின் தொழில்நுட்பத்தை ஆராய்ந்தார். வண்ணப்படலத்தில் பசை, பிசின் போன்ற பிணைபொருள் காணப்படவில்லை. நிறமிகள் சுண்ணாம்பாலேயே பிணைக்கப்பட்டுள்ளன. ஆகவே இவை ஈரச்சுவரில் தீட்டப்பட்டவை என்பது அவர் முடிவு. காஞ்சி, சித்தன்னவாசல் ஓவியங்களை அவர் உலர்ந்த சுண்ணத் தளத்தின்மேல் சுண்ணாம்பை ஊடகமாகக் கொண்டு எழுதப்பட்ட வகையில் சேர்த்தார்.

ஈரச்சுவர் முறையின் வேதியியல் எளிமையானது. சுட்ட சுண்ணாம்பை நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு கிடைக்கிறது. பூசிய பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மீண்டும் கல்லாக, மாறுகிறது. பூச்சு ஈரமாக இருக்கையில் நீரில் குழைத்த நிறமியை இட்டால், சுண்ணநீர் மேற்பரப்புக்கு வந்து நிறமித் துகள்களைச் சூழ்ந்து படிகமாகிறது. நிறம் சுவரின் மேல் ஒட்டியிருப்பதன்று; சுவரோடு ஒன்றியது. இங்கே தனிப் பிரைமர் தேவையில்லை, இட்டால் கெடுதலும்கூட. தளப்பூச்சே ஊடகமாகவும் பிணைபொருளாகவும் தொழிற்படுகிறது. விலை ஒன்று உண்டு. ஈரச் சுண்ணாம்பின் காரத்தன்மையைத் தாங்கும் நிறங்களே நிலைக்கும். காவி, மஞ்சட்காவி, பச்சைமண், கரி, சுண்ண வெண்மை ஆகியவை தாங்கும். ஈய வெள்ளையும் தாவரச் சாயங்கள் பலவும் தாங்கா. சோழர் வண்ணத்தட்டின் அடக்கத்தை அழகியல் தேர்வாக வியப்பவர்கள் இக்கட்டாயத்தையும் கணக்கில் கொள்வது நல்லது.

காலமும் ஒரு விலை. இத்தாலிய ஓவியர்கள் ஒரு நாளில் எழுதி முடிக்கத்தக்க பரப்பை மட்டுமே அன்றன்று பூசினர். காவிரிப்படுகையின் வெப்பத்தில் மெல்லிய பூச்சு அதைவிட விரைவில் இறுகும். தஞ்சையின் உட்சுற்று நேர்வெயில் படாத, காற்றோட்டம் குறைந்த இடம் என்பது ஓவியனுக்குச் சற்று அவகாசம் அளித்திருக்கலாம். அது மட்டும் போதியதா? இக்கேள்விக்கு விடை தேட நாம் ஓவியனை விட்டுக் கொத்தனிடம் செல்ல வேண்டும்.

கொத்தர் சாந்து

சென்னைச் சுண்ணப்பூச்சின் புகழ் பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன்வரை எட்டியிருந்தது. செயிண்ட் ஹெலினாவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் சென்னையில் மிகச் சிறந்த சாந்து செய்யும் முறையை விவரித்து எழுதிய குறிப்பு, இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1730களின் தொடக்கத்தில் வெளியாயிற்று. சுண்ணாம்பும் மணலும் கலந்ததற்குக் கருப்பட்டி அல்லது வெல்லக் கரைசலும், வேகவைத்த பயற்றுக் குழம்பும், கடுக்காய் நீரும் சேர்க்கப்பட்டதை அவர் பதிவுசெய்கிறார். சில்பரத்தினத்தின் பயறும் வெல்லமும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் ஓர் ஆங்கிலேயர் குறிப்பில் மீண்டும் தோன்றுவது தற்செயலன்று. இருவரும் பதிவுசெய்தது தென்னிந்தியக் கொத்தர்களின் ஒரே கைமரபின் இரு கிளைகளை.

அம்மரபின் எச்சத்தைச் செட்டிநாட்டில் இன்றும் காணலாம். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, மாடு கட்டிச் சுற்றும் அரைவைக் கல்லில் கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் தெளித்து அரைக்கும் முறையை முதிய கொத்தனார்கள் நினைவிலிருந்து சொல்கின்றனர். முதற்பூச்சுக்கு மணல் மிகுந்த கரடான சாந்து. மேலே செல்லச்செல்ல மணல் குறையும், சுண்ணாம்பு நுண்மையாகும். கடைசிப் பூச்சில் முட்டையின் வெண்கருவோ தயிரோ சேர்த்து, வழவழப்பான கூழாங்கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பர். இந்தக் கடைசிப் பூச்சைச் சுவரோவியத்தின் தளத்தோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. அது தானே முடிவான அழகு. அதன்மேல் எழுத வேண்டிய தேவை இல்லை. அவ்வளவு மெருகேறிய பரப்பு நிறத்தையும் எளிதில் ஏற்காது. நமக்கு வேண்டியவை அதன் கீழ் அடுக்குகள்.

வெல்லமும் கடுக்காயும் பயறும் அங்கு என்ன செய்கின்றன? சர்க்கரை சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டி, சாந்தை நெகிழ்வாக்கி, இறுகுவதைத் தாமதப்படுத்துகிறது. பயற்றுக் கூழும் வாழைப்பழமும் நீரைப் பிடித்துவைக்கின்றன. தயிரின் புரதம் சுண்ணாம்புடன் சேர்ந்து நீரில் கரையாத பொருளாகிறது. கொத்தனார் இவற்றை வேதியியலாகச் சொல்வதில்லை. 'சாந்துக்கு உயிர் இருக்கும்' என்றார் ஒருவர். ஈரம் தங்கும், வேலைக்கு அவகாசம் கிடைக்கும் என்பது அவர் சொன்னதன் பொருள்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பிறக்கின்றன. ஒன்று, வெப்ப நாட்டில் ஈரச்சுவர் ஓவியம் இயலாது என்னும் பொதுக்கருத்து, இத்தகைய சாந்தைக் கணக்கில் கொள்ளாமல் கூறப்படுவது. நீரைப் பிடித்துவைக்கும் தளம் இருந்தால் ஓவியனின் நாள் நீளும். மற்றொன்று சற்றுச் சங்கடமானது. பிணைபொருள் உண்டா இல்லையா என்பதைக் கொண்டு ஈரச்சுவர், உலர்சுவர் எனப் பிரிக்கும் முறை இந்தச் சாந்தின்முன் தடுமாறுகிறது. நாளை நுண்கருவிகளால் சோழர் படலத்தில் சர்க்கரையோ புரதமோ கண்டறியப்பட்டால், அது ஓவியன் வண்ணத்தில் கலந்த பசையா, கொத்தன் சாந்தில் சேர்த்த வெல்லமா? அதற்கு மாறாக, பரமசிவன் பிணைபொருளைக் காணாதது ஆயிரமாண்டுகளில் அது சிதைந்து போனதாலும் ஆகலாம். இல்லாமை கொண்டு நிறுவும் வாதத்தின் வலுவின்மை இது. அவருடைய முடிவு தவறென்று நான் கூறவில்லை. சுண்ணாம்புப் பிணைப்பு பற்றிய அவரது நேர்ச்சான்று வலுவானது. அம்முடிவின் மற்றொரு காலாக அமைந்த இல்லாமைச் சான்று, தளப்பூச்சின் இயல்பை அறியாமல் தனித்து நிற்காது என்பதே என் கருத்து.

வண்ணப்படலத்துக்கு அப்பால் சான்று தேடும் இடங்கள் உள்ளன. நிறமித் துகள் சுண்ணப் படிகத்தினுள் எவ்வளவு ஆழம் புகுந்துள்ளது என்பதைக் குறுக்குவெட்டில் காணலாம். பூச்சு பகுதி பகுதியாக இடப்பட்டிருந்தால் ஒரு பகுதி மற்றொன்றின்மேல் ஏறிய எல்லைக்கோடுகள் சாய்வான ஒளியில் தெரியும். ஈரப் பூச்சில் கூரிய முனையால் கீறிய முதற்கோடு மழுங்கிய விளிம்புடனும், காய்ந்த பூச்சில் கீறியது உடைந்த விளிம்புடனும் இருக்கும். இவை அனைத்தும் தளத்தின் சான்றுகள்.

நாயக்கர் அடுக்கு

தஞ்சை நாயக்கர் காலத்தில் (1532–1673) அதே சுவரில் புதிய ஓவியம் எழுத முடிவு செய்யப்பட்டபோது, அதற்கென ஒரு புதிய தளப்பூச்சு சோழர் ஓவியத்தின் மேலேயே இடப்பட்டது. பழைய சுவரில் புதிய பூச்சு நிற்கவேண்டுமானால் பழைய பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசு நீக்கி, நீர் தெளித்து நனைக்க வேண்டும் என்பது எக்காலத்துக் கொத்தனும் அறிந்த பாடம். கொத்தாத மழமழப்பான பரப்பில் புதுப்பூச்சுக்குப் பிடிப்புக் கிடைக்காது. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காற்றுண்டு கல்லாகிப்போன சோழர் தளமோ நீரையும் அவ்வளவாக உறிஞ்சாது.

பழைய பரப்பு முழுவதும் முறைப்படி கொத்தப்பட்டிருந்தால் இன்று நாம் வியக்கும் முகங்களும் விரல்களும் எஞ்சியிரா. கோவிந்தசாமி 1931இல் உட்சுற்றில் நுழைந்தபோது மேலடுக்கு பெயர்ந்த இடங்களின் வழியே அடியிலிருந்த ஓவியம் தெரிந்தது. ஆக, நாயக்கர் காலக் கொத்தர்களின் ஆயத்தப்பணி முழுமை பெறாமையே சோழர் ஓவியத்தைக் காத்தது என்று கருத வேண்டியுள்ளது. அது கவனக்குறைவா, நேரமின்மையா, அல்லது இறையுருவங்களின் மேல் உளியை வைக்கத் தயங்கிய ஒரு கையின் செயலா என்பதைச் சுவர் சொல்வதில்லை. மூன்றாவதை நம்பவே மனம் விரும்புகிறது, விருப்பம் சான்றாகாது.

அண்மைக் காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் நாயக்கர் அடுக்கின் சில பகுதிகளைச் சிதையாமல் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றியதும் அடியிலிருந்த ஓவியத்தை வெளிக்கொணர்ந்ததும் அறிந்த செய்தி. இரு தளங்களுக்கும் இடையிலிருந்த அந்தப் பலவீனமான பிடிப்பே இப்பணியையும் இயலச் செய்தது. இரண்டு ஓவியங்களையும் இழக்காமல் பெற்றது அரிய பேறு. இதற்கு வழக்கமாக வேதியியலர்களின் திறமையே காரணமாகக் கூறப்படுகிறது. அதில் ஐயமில்லை, பூச்சின் குறையும் அதில் பங்குடையது.

இன்றைய திருப்பணியும் தளமும்

தஞ்சையில் தற்செயலாக நிகழ்ந்த காப்பு எல்லா இடங்களிலும் நிகழ்வதில்லை. குடமுழுக்கை முன்னிட்ட திருப்பணிகளில் மண்டபச் சுவர்களும் விதானங்களும் 'சுத்தம்' செய்யப்படும்போது முதலில் போவது தளப்பூச்சு. கள ஆய்வில் நான் கண்ட ஓர் ஊர்க்கோயிலில், பெயர் வேண்டாம், மண்டப விதானத்தின் உதிர்ந்த சுண்ணப்பூச்சைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, செயற்கை வண்ணம் பூசியிருந்தனர். பணி செய்தவர்கள் தம் தொழிலின் விதிகளை ஒன்றுவிடாமல் பின்பற்றியிருந்தனர். பரப்பைக் கொத்தினர், தேய்த்தனர், படலமிட்டனர். நாயக்கர் காலக் கொத்தர்கள் செய்யாமல் விட்டதை இவர்கள் நிறைவாகச் செய்துவிட்டனர். இரண்டு மழைக்காலம் கழித்து நான் சென்றபோது ஒரு மூலையில் புதுவண்ணம் சுருண்டு உரிந்திருந்தது. உரிந்த தகட்டின் உட்புறத்தில், சுண்ணத்தோடு ஒட்டியபடி, ஒரு விரற்கடை நீளத்திற்குக் காவிக்கோடு இருந்தது. கோடு இருந்த இடம் இப்போது தகட்டின் பின்பக்கம்.

இதன் காரணம் தளங்களின் பொருத்தமின்மை. சுண்ணப்பூச்சு நுண்துளைகள் வழியே ஈரத்தை உள்ளேயும் வெளியேயும் விடும். சிமெண்ட் அதைவிடக் கடினமானது, ஈரத்தை எளிதில் விடாது, கரையும் உப்புகளையும் கொண்டு வருகிறது. செயற்கை வண்ணப்படலம் வெளிமுகத்தை அடைத்துவிடுகிறது. கூரை வழியே இறங்கும் மழையீரம் வெளியேற வழியின்றிப் பழைய சுண்ணத்தளத்துக்குள் தேங்குகிறது. உலரும்போது உப்பு படலத்தின் அடியில் படிகமாகி விரிந்து, தன்னைவிட மென்மையான பழைய தளத்தைப் பெயர்த்துக்கொண்டு உரிகிறது. புதிய சுவருக்குச் சரியான விதி பழைய சுவருக்குக் கேடாக முடிவது இவ்வாறே.

திருப்பணிக்கு முன் ஓவியங்களைப் பட்டியலிடும் வழக்கம் இருக்கும் இடங்களிலும், பட்டியல் கண்ணுக்குத் தெரியும் ஓவியத்தோடு நின்றுவிடுகிறது. வெறும் வெள்ளைச் சுவர் அதில் இடம்பெறுவதில்லை. தஞ்சை உட்சுற்றில் 1931க்கு முன் ஒருவர் பட்டியல் எடுத்திருந்தால் அவர் நாயக்கர் ஓவியங்களை மட்டுமே எழுதியிருப்பார். எந்தச் சுவரையும் கொத்துமுன் அதன் பூச்சு எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் மண்ணா சுண்ணாம்பா சிமெண்டா, அடுக்குகளுக்கு இடையில் நிறம் உண்டா என்பதை ஒரு விரல்நகம் அளவுள்ள இடத்தில் படிப்படியாகச் சுரண்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ள அதிகப் பொருட்செலவு ஆகாது. அதற்குரிய கைப்பழக்கமும் சொற்களும் சுண்ணச்சாந்தில் வேலை செய்த கொத்தனார்களிடம் இன்னும் இருக்கின்றன. நான் சந்தித்தவர்களுள் அறுபது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை.